தள்ளுபடி டிக்கெட்: கணக்குப் பார்ப்பதும் கிளப்பிடம் வாதிடுவதும்

இங்கிலாந்தில் ஏதேனும் ஒரு கால்பந்து கிளப், செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்துக்குப் பெரியவர்களுக்கு 10 பவுண்டு, சிறுவர்களுக்கு 1 பவுண்டு என்று அறிவித்துவிட்டால், அன்று மாலைக்குள் அதன் ரசிகர்கள் இரு தரப்பாகப் பிரிந்துவிடுவார்கள். காலியாகக் கிடக்கும் இருக்கையில் யாராவது வந்து உட்கார்ந்தால் நல்லதுதானே என்பது ஒரு தரப்பு. கோடையிலேயே மொத்தப் பணத்தையும் கட்டிச் சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கு இதுதான் மரியாதையா என்பது மறு தரப்பு. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் பெரும்பாலும் கணக்குப் போடாமலேயே பேசுகின்றன. ஒரு சலுகை வரும்போது அதை எப்படி எடைபோடுவது, எங்கே வாங்குவது, விலை தவறு என்று தோன்றினால் யாரிடம், எப்போது, எந்த எண்களோடு பேசுவது ஆகியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்பணம் கட்டிய ரசிகருக்கு நட்டம் வைக்காத சலுகை வரவேற்கத்தக்கது, அவருக்கு நட்டம் வைக்கும் சலுகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எதிர்க்கப்பட வேண்டியது.

ஓர் ஆட்டத்துக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?

எந்த விவாதத்துக்கும் முன்னால் உங்கள் சீசன் டிக்கெட்டின் விலையைச் சொந்த மைதான லீக் ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீக்கில் 20 அணிகள் இருப்பதால் சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்கள். அதற்குக் கீழே உள்ள சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகிய மூன்று பிரிவுகளிலும் 24 அணிகள் இருப்பதால் 23 ஆட்டங்கள். கோப்பை ஆட்டங்கள் வழக்கமாக இந்தக் கணக்கில் சேரா. சில கிளப்களில் கோப்பை ஆட்டம் வரும்போதெல்லாம் உங்கள் வங்கி அட்டையிலிருந்து பணம் தானாகப் பிடித்தமாகும் ஏற்பாடு இருக்கும். அதில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, லீக் ஒன் பிரிவில் உள்ள ஒரு கிளப்பின் சீசன் டிக்கெட் 460 பவுண்டு என்றும், தனி ஆட்ட டிக்கெட் 26 பவுண்டு என்றும் வைத்துக்கொள்வோம். 460-ஐ 23 ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 20 பவுண்டு. ஒவ்வொரு முறையும் 6 பவுண்டு மிச்சம் என்று கிளப் விளம்பரம் செய்யும். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்? வேலை, உடல்நிலை, குடும்ப விசேஷம் என்று ஐந்து ஆட்டங்கள் தவறிப்போனால் மீதி 18 ஆட்டங்களுக்குத் தலா 25 பவுண்டு 56 பென்ஸ் கொடுத்தவராகிறீர்கள். அதாவது, தனித்தனியாக வாங்கியவருக்கும் உங்களுக்கும் அநேகமாக வேறுபாடே இல்லை. இந்தக் கிளப்பில் 17 ஆட்டங்கள் வரை போகிறவருக்குத் தனி டிக்கெட் மலிவு. 18-ஆவது ஆட்டத்திலிருந்துதான் சீசன் டிக்கெட் ஆதாயம்.

இப்போது அதே கிளப் சீசனுக்கு நான்கு ஆட்டங்களை 10 பவுண்டுக்கு விற்கிறது என்று கொள்ளுங்கள். அந்த நான்கையும் பிடித்துக்கொண்டு, மேலும் 16 ஆட்டங்களை முழு விலையில் பார்க்கிறவர் மொத்தம் 456 பவுண்டுதான் செலவழிக்கிறார்; 20 ஆட்டங்களைப் பார்த்த பிறகும் சீசன் டிக்கெட்காரரைவிட 4 பவுண்டு குறைவு. ஆதாயம் தொடங்கும் எல்லை 18-இலிருந்து 21 ஆட்டங்களுக்கு நகர்ந்துவிட்டது. சீசன் டிக்கெட்காரர்களின் கோபத்தைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பார்க்கத் தவறுவது இந்த நகர்வைத்தான். நான்கு மலிவு இரவுகள் வந்தபின், அடுத்த கோடையில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்ற நிலைக்கு ஒரு பகுதி ரசிகர்களைக் கிளப்பே தள்ளிவிடுகிறது. உங்கள் கிளப்பின் எண்களைப் போட்டு இந்த எல்லையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விவாதத்தில் இதைவிட வலுவான ஆதாரம் உங்களிடம் வேறு இருக்காது.

சீசன் டிக்கெட்டைத் தவணையில் வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தவணையைக் கிளப்பே வட்டியில்லாமல் தருகிறதா, அல்லது வெளி நிதி நிறுவனத்தின் கடனாகத் தருகிறதா என்று கேளுங்கள். கடன் என்றால் வட்டியையும் கட்டணத்தையும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும். ‘முன்பதிவுச் சலுகை’ என்று குறைத்த தொகையை வட்டி விழுங்கிவிடுவது உண்டு.

அறிவிப்பில் பெரிய எழுத்தில் இல்லாதவை

ஒரு சலுகையை எடைபோடுவதற்கு ‘எவ்வளவு’ என்ற கேள்வியைவிட ‘எத்தனை’ என்ற கேள்வி உதவும். இதற்கு லிவர்பூல் கிளப்பில் 2016 பிப்ரவரியில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் இல்லை. அடுத்த சீசனுக்கான விலைகளைக் கிளப் அறிவித்தபோது, முக்கியத்துவம் குறைந்த ஆட்டங்கள் சிலவற்றுக்கு 9 பவுண்டு டிக்கெட்டும் இருந்தது. விரிவாக்கப்பட்டுக்கொண்டிருந்த பிரதான அரங்கில், முக்கிய ஆட்டங்களுக்கு 77 பவுண்டு டிக்கெட்டும் இருந்தது. ஒரே அறிவிப்பில் இரண்டும். ரசிகர்கள் 9-ஐப் பார்த்து ஏமாறவில்லை. பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நான்கு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்திவைத்ததோடு, 9 பவுண்டு டிக்கெட்டை எல்லா லீக் ஆட்டங்களுக்கும் விரிவாக்கினார்கள். குறைந்த விலையைக் காட்டும் எந்த அறிவிப்பையும் பார்த்ததும், அந்த விலையில் எத்தனை இருக்கைகள், எந்தப் பகுதியில், எந்த ஆட்டங்களுக்கு என்று கேட்க வேண்டும். அதே நாளில் வேறு எந்த விலை ஏறியது என்றும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆட்டங்களைத் தரம் பிரித்து விலை வைப்பது இங்கிலாந்துக் கிளப்களின் வழக்கம். பெரிய அணி வரும் ஆட்டம் முதல் தரம், மற்றவை அடுத்தடுத்த தரம். தள்ளுபடி அநேகமாகக் கடைசித் தரத்துக்குத்தான் வரும் என்பதால், ‘பாதி விலை’ என்ற அறிவிப்பைப் பார்க்கும்போது எந்தத் தரத்து விலையில் பாதி என்று கேளுங்கள். ஏற்கெனவே மலிவாக இருந்த ஆட்டத்தின் விலையை முதல் தர விலையோடு ஒப்பிட்டுக் காட்டினால் அது சலுகையே ஆகாது.

இருக்கை எங்கே என்பதும் முக்கியம். பழைய மைதானங்களில் கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையை மறைக்கும். அத்தகைய இருக்கைகள் ‘மறைந்த பார்வை’ என்று குறிக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படும். குறிப்பைப் படிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு சண்டை போட முடியாது. டிக்கெட்டுக்கு மேலே முன்பதிவுக் கட்டணம் உண்டா, அது ஒரு டிக்கெட்டுக்கா மொத்த வாங்கலுக்கா, சலுகை விலைக்கு உறுப்பினர் அட்டை கட்டாயமா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பிரீமியர் லீக்கின் பெரிய கிளப்களில் உறுப்பினர் அட்டைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அது டிக்கெட்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமையைத் தருமே தவிர டிக்கெட்டைத் தராது. வருடத்தில் ஓர் ஆட்டம் மட்டும் பார்க்கப் போகிறவர் உறுப்பினர் கட்டணம் முழுவதையும் அந்த ஒரு டிக்கெட்டின் மேல் ஏற்றித்தான் கணக்கிட வேண்டும்.

ஆட்டத்தின் தேதி மாறினால் என்ன ஆகும் என்பதே பலரும் கேட்க மறக்கும் கேள்வி. தொலைக்காட்சிக்காகச் சனிக்கிழமை ஆட்டம் வெள்ளி இரவுக்கோ திங்கள் இரவுக்கோ மாற்றப்படுவது அன்றாடம் நடப்பது. முழு விலை டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் கிளப், சலுகை டிக்கெட்டுக்குத் தராமல் போகலாம். முன்கூட்டியே எடுத்த மலிவு ரயில் டிக்கெட்டும் அதோடு வீணாகும். தேதி உறுதியாகும் வரை பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

குடும்பத்தோடு போகிறவர்கள்

‘சிறுவருக்கு ஒரு பவுண்டு’ என்ற சலுகை பல கிளப்களில் பல ஆண்டுகளாக நடக்கிறது. கேட்பதற்கு இதைவிட இனிப்பான சலுகை இல்லை. ஆனால் அதை வீட்டுக் கணக்காகப் பாருங்கள். பெரியவருக்கு 26 பவுண்டு, சிறுவருக்கு வழக்கமாக 8 பவுண்டு என்றால் நால்வர் குடும்பத்துக்கு 68 பவுண்டு ஆகும். சிறுவர் இருவருக்கும் ஒரு பவுண்டு என்று ஆன பிறகு 54 பவுண்டு. உண்மையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. இது நல்ல சலுகைதான். ஆனால் அந்தக் குடும்பம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது பெரியவர்களின் 52 பவுண்டு. எனவே கிளப்பிடம் குடும்பத்துக்காக வாதிடும்போது சிறுவர் விலையை மேலும் குறைக்கச் சொல்லுவதைவிட, சிறுவரை அழைத்துவரும் ஒரு பெரியவருக்குக் குறைந்த விலை கேட்பது பயன் தரும்.

சிறுவர், மாணவர், முதியோர் சலுகைகள் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது. மான்செஸ்டர் யுனைடெட் 2024-25 சீசனின் நடுவில், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் 66 பவுண்டு என்ற ஒரே விலைக்குக் கொண்டுவந்தது. சிறுவருக்கும் 66, ஓய்வூதியம் வாங்கும் முதியவருக்கும் 66. ஒரு சிறுவன் தன் தாத்தாவோடு மைதானத்துக்கு வருவதுதான் அந்தக் கிளப்பின் அடுத்த ஐம்பது ஆண்டு ரசிகர் கூட்டத்தின் விதை. அந்த வயதினரின் சலுகையைச் சீசனின் நடுவில் எடுத்துவிடுவதற்கு எந்த வரவு செலவுக் கணக்கும் நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றுத்திறனாளி ரசிகருக்குத் துணையாக வருகிறவருக்கு இலவச டிக்கெட் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது; தள்ளுபடி ஆட்டங்களிலும் அது தொடர்கிறதா என்று டிக்கெட் அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளப்பின் பக்கத்துக் கணக்கு

நியாயமாக வாதிட வேண்டுமானால் எதிர்த்தரப்பின் கணக்கையும் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கிளப்புக்கு 10,000 இருக்கைகள், 4,000 சீசன் டிக்கெட்காரர்கள், சாதாரண இரவில் தனி டிக்கெட் வாங்குகிறவர்கள் 2,000 பேர் என்று கொள்வோம். தனி டிக்கெட் வரவு 52,000 பவுண்டு. எல்லாருக்கும் 10 பவுண்டு என்று அறிவித்தால் அதே வரவுக்கு 5,200 பேர் வாங்க வேண்டும். மைதானத்தில் 9,200 பேர் இருந்தாக வேண்டும். வரி இரு விலையிலும் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்றாலும், கூட்டம் கூடினால் காவல் பணியாளர், நுழைவாயில் ஊழியர் செலவும் கூடும். தேநீர், உணவு, சட்டை விற்பனையில் கொஞ்சம் திரும்பும். வழக்கமாக 6,000 பேர் வரும் மைதானத்துக்கு மழைக்கால இரவில் 9,200 பேரை வரவழைப்பது எளிதில்லை. எனவே ‘விலையைக் குறைத்தால் மைதானம் நிறையும், கிளப்புக்கு நட்டமே வராது’ என்று சொல்லுகிற ரசிகர் ஆசையைத்தான் சொல்லுகிறார்.

அதே கிளப், சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நண்பரை 10 பவுண்டுக்கு அழைத்துவரலாம் என்று அறிவித்தால் படம் மாறுகிறது. நால்வரில் ஒருவர் அழைத்துவந்தாலே 1,000 பேர் கூடுகிறார்கள். முழு விலை கொடுக்கிற 2,000 பேரில் சிலர் இந்தப் பக்கம் நகர்ந்தாலும் வரவு பெரிதாகக் குறையாது. அதைவிட முக்கியமாக, சீசன் டிக்கெட்காரர் தன் டிக்கெட்டால் ஒரு பயன் பெற்றவராகிறார். புதிதாக வந்தவர் பக்கத்தில் மைதானம் தெரிந்த ஒருவரோடு உட்கார்கிறார். தள்ளுபடி பற்றிய சண்டையில் இரு தரப்பையும் ஒரே பக்கம் கொண்டுவரக்கூடிய யோசனை இதுதான் என்று நம்புகிறேன்.

எல்லாருக்கும் திறந்துவிடும் சலுகைகள் ஒருபோதும் பலிக்காது என்றும் சொல்ல முடியாது. ஐந்தாம் பிரிவில் இருந்த மான்ஸ்ஃபீல்டு டவுன், 2010 பிப்ரவரியில் கேட்ஸ்ஹெட் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு விரும்பிய தொகையைக் கொடுத்து நுழையலாம் என்று சொன்னபோது 7,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வழக்கமான கூட்டத்தைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். லண்டனின் சார்ல்டன் அத்லெடிக் ஐந்து பவுண்டுக்குக் கால்பந்து என்று ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து விற்று வாலி மைதானத்தை நிறைத்தது. ஆனால் ஓர் இரவின் கூட்டத்தை வைத்து வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. அவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் முழு விலைக்கு வந்தார்கள் என்ற எண்ணைக் கேளுங்கள். டிக்கெட்டுகள் பெயரிலேயே விற்கப்படுவதால் அந்த எண் கிளப்பிடம் நிச்சயம் இருக்கும்.

எனக்கு மேலானதாகத் தோன்றுவது மலிவை ஒற்றை இரவில் வைக்காமல் சீசன் டிக்கெட்டிலேயே வைக்கும் வழி. பிராட்ஃபோர்டு சிட்டி, மூன்றாம் பிரிவில் ஆடிய 2015-16 சீசனுக்கு, பெரியவர்களின் சீசன் டிக்கெட்டை 149 பவுண்டுக்கு விற்றது; 23 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஆட்டத்துக்கு ஆறரைப் பவுண்டுதான். சுமார் 25,000 பேர் அமரும் வாலி பரேடு மைதானத்தில் அந்தப் பிரிவுக்கு அபூர்வமான கூட்டம் வாரம் தவறாமல் கூடியது. ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் 2017-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியபோது, புதுப்பித்தவர்களுக்குச் சீசன் டிக்கெட்டை 199 பவுண்டுக்கே கொடுத்தது. பல ஆண்டுகளாக விடாமல் புதுப்பித்துவந்த பழைய ரசிகர்களுக்கு உரிமையாளர் டீன் ஹாய்ல் முன்பு கொடுத்த வாக்குப்படி 100 பவுண்டு. உலகின் பெரிய அணிகள் வந்து ஆடிய சீசனில், 199 பவுண்டு கட்டியவருக்கும் ஆட்டத்துக்குப் பத்தரைப் பவுண்டுதான். விசுவாசத்துக்கு விலையில் மரியாதை செய்வது எப்படி என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

ஜெர்மனியின் ஃபோர்ட்டூனா டுசல்டோர்ஃப் இன்னும் ஒரு படி போனது. 2023 அக்டோபரில் கைசர்ஸ்லாட்டர்ன் அணியோடு நடந்த இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கு எல்லா டிக்கெட்டும் இலவசம். நிறுவனங்கள் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டன, டிக்கெட்டுகள் குலுக்கலில் கொடுக்கப்பட்டன. அந்த ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கியிருந்த டுசல்டோர்ஃப் அணி 4-3 என்று வென்றது கூடுதல் மகிழ்ச்சி. இருப்பினும் இதை இங்கிலாந்துக் கிளப்பிடம் முன்மாதிரியாக வைக்கும்போது, ஏற்கெனவே சீசன் டிக்கெட் வாங்கியவர்களின் நிலை என்ன என்பதை முதலில் தீர்த்துவிட்டுப் பேச வேண்டும்.

கடைசி நேரத்துக்காகக் காத்திருக்கலாமா?

தேவைக்கு ஏற்ப விலையைத் தினமும் ஏற்றியிறக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-இல் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில், செல்சீ – ஃபுளுமினென்ஸ் அரையிறுதிக்கு 473.90 டாலருக்கு விற்ற சாதாரண டிக்கெட், ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு 13.40 டாலருக்கு இறங்கியது. முன்னே வாங்கியவர் பின்னே வாங்கியவரைப்போல் முப்பத்தைந்து மடங்கு கொடுத்தார். இந்த முறையைக் கிளப்கள் ‘சலுகைக்கும் வாய்ப்புள்ள முறை’ என்று விளக்கும்போது இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள். உங்கள் கிளப் இந்த முறைக்கு மாறினால், நிரம்பாது என்று உறுதியாகத் தெரிந்த ஆட்டத்துக்கு மட்டும் காத்திருங்கள். பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட ஆட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

கிளப்பின் சொந்த டிக்கெட் அலுவலகம், அதன் இணையதளம், கிளப் அங்கீகரித்த மறுவிற்பனை ஏற்பாடு ஆகிய மூன்றைத் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதிகாரம் பெறாமல் கால்பந்து டிக்கெட் விற்பது, 1994-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி குற்றம். அச்சிட்ட விலைக்கே விற்றாலும் குற்றம்தான். வாங்கியவர் மேல் வழக்கு வராது. ஆனால் டிக்கெட் ரத்தாகி வாசலில் திருப்பி அனுப்பப்படுவார். ‘தள்ளுபடி’ என்று ஊர் பேர் தெரியாதவர் சமூக ஊடகத்தில் நீட்டும் பெரிய கிளப் டிக்கெட் அநேகமாக மோசடி. அப்படி நிரம்பி வழியும் ஆட்டத்துக்குத் தள்ளுபடி கொடுக்க எவருக்கும் தேவை இல்லை என்பதை நினைவில் வைத்தாலே போதும்.

லண்டனில் நம்மவர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளுக்கு அருகிலேயே மலிவாகப் பார்க்கக்கூடிய கிளப்கள் இருக்கின்றன. டூட்டிங்கில் இருப்பவர்களுக்குப் பிளவ் லேனில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பக்கம், 2002-இல் ரசிகர்களே தொடங்கி, ரசிகர்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் அமைப்பான ரசிகர் அறக்கட்டளையின் கையில் இருக்கும் கிளப் அது. விலை பற்றிய வாதத்தை அங்கே உரிமையாளராகவே உட்கார்ந்து நடத்தலாம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு பக்கத்தவர்களுக்கு லேட்டன் ஓரியன்ட் எட்டும் தூரம். பெண்கள் சூப்பர் லீக் ஆட்டங்களுக்கு, அதே கிளப்பின் ஆண்கள் ஆட்டத்தைவிட விலை மிகக் குறைவு. தேசிய அணிகள் ஆடுவதற்காகப் பெரிய லீக்குகள் ஓய்வெடுக்கும் ஒரு வார இறுதியில், மேல் பிரிவுகளுக்குக் கீழே ஆடும் சிறிய கிளப்களுக்கான ‘நான்-லீக் டே’ 2010 முதல் கொண்டாடப்படுகிறது; பெரிய கிளப்பின் சீசன் டிக்கெட்டைக் காட்டினால் சிறிய கிளப்கள் பல அன்று விலை குறைக்கும்.

தங்கள் அணி எதிரணியின் மைதானத்தில் ஆடும்போது வெளியூர் ரசிகராகப் போகிறவர்களுக்குப் பிரீமியர் லீக்கில் ஒரு பாதுகாப்பு உண்டு. 2013 ஜனவரியில் அர்செனல் மைதானத்துக்குப் போக 62 பவுண்டு என்றபோது, மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட 3,000 டிக்கெட்டில் 912 விற்காமல் திரும்பின. அதன் பிறகு ரசிகர் சங்கங்கள் ‘இருபது போதும்’ என்று இயக்கம் நடத்தின. 2016-17 முதல் வெளியூர் ரசிகருக்கு உச்ச விலை 30 பவுண்டு என்று லீக் நிர்ணயித்தது. கேட்டது 20, கிடைத்தது 30 என்றாலும், ஒற்றுமையாகக் கேட்டதால் கிடைத்தது. கீழ்ப் பிரிவுகளில் அந்த உச்சவரம்பு அப்போது வரவில்லை; ஆனால் ஒப்பிடத்தக்க இருக்கைக்கு உள்ளூர் ரசிகரைவிட வெளியூர் ரசிகரிடம் அதிகம் வாங்கக் கூடாது என்ற விதி அங்கும் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்குத் தள்ளுபடி அறிவித்த ஆட்டத்தில் வெளியூர் ரசிகர் அமரும் பகுதிக்கும் அது பொருந்துமா என்று உங்கள் கிளப் வழியாகக் கேளுங்கள். கோப்பை ஆட்டங்களில் இரு கிளப்களும் நுழைவு வரவைப் பகிர்ந்துகொள்வதால் விலையில் இரண்டுக்கும் பேச்சு உண்டு. எனவே உள்ளூர்க் கிளப்பை மட்டும் குறை சொல்லுவதும் குறைந்த விலைக்கு அதை மட்டும் பாராட்டுவதும் சரியாகாது.

கிளப்பிடம் பேசுவது

விலை அறிவித்த மறுநாள் கோபப்படுவது பெரும்பாலும் காலம் கடந்த செயல். அடுத்த சீசனின் விலைகள் பனிக்காலத்தின் கடைசியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் நிர்வாக அறைகளில் பேசப்படுகின்றன. எனவே டிசம்பரிலேயே எழுதத் தொடங்குங்கள். தனி ஆளாக எழுதுவதைவிட ரசிகர் அறக்கட்டளை வழியாகப் போவது பலன் தரும். பிரீமியர் லீக் கிளப் என்றால் ரசிகர் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கும். அதன் கூட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டு, விலை பற்றிய பேச்சு எந்த மாதத்தில் நடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் அரச ஒப்புதல் பெற்ற கால்பந்து ஆளுகைச் சட்டத்தின்படி, மேல் ஐந்து பிரிவுகளின் கிளப்களைக் கண்காணிக்கச் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. அது டிக்கெட் விலையை நிர்ணயிக்காது. ஆனால் ரசிகர்களோடு கலந்து பேச வேண்டிய பொருள்களில் டிக்கெட் விலையும் ஒன்று என்பதால், ‘எங்களிடம் கேட்டீர்களா’ என்ற கேள்விக்கு இப்போது சட்டத்தின் பின்பலம் இருக்கிறது.

கடிதத்தில் வசைபாட வேண்டாம், கேள்விகளை வையுங்கள். கடந்த சீசனின் தள்ளுபடி ஆட்டங்களில் புதிதாக வாங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் மீண்டும் வந்தவர்கள் எத்தனை பேர்? எந்தச் சலுகை விலையும் சீசன் டிக்கெட்டின் ஓர் ஆட்ட விலைக்குக் கீழே போனால், அந்த வேறுபாட்டைச் சீசன் டிக்கெட்காரருக்குக் கோப்பை ஆட்ட டிக்கெட்டாகவோ, நண்பருக்கான டிக்கெட்டாகவோ, அடுத்த ஆண்டுக் கழிவாகவோ தருவீர்களா? ஆண்டின் சலுகை ஆட்டங்கள் எவை என்று சீசன் தொடங்கும் முன்பே அறிவிப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எந்த ஆட்டங்கள் மலிவு என்று ஜூலையிலேயே தெரிந்தால், சீசன் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் முழு விவரத்தோடு தீர்மானிக்க முடியும்.

விலையை உயர்த்தியே ஆக வேண்டும் என்று பெரிய கிளப் பதில் சொன்னால், தொலைக்காட்சி வரவை எடுத்துவையுங்கள். 2025 முதல் நான்கு சீசன்களுக்கான உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 6.7 பில்லியன் பவுண்டுக்கு விற்றது. பிரீமியர் லீக் கிளப்களின் மொத்த வருமானத்தில் ஆட்ட நாள் வரவு ஏழில் ஒரு பங்கு அளவே. அந்த ஏழில் ஒன்றுக்குள்ளும், உணவோடு ஆட்டம் பார்க்க விற்கப்படும் விருந்து அறைகள் கணிசமான பங்கு வகிக்கின்றன. சாதாரண இருக்கையின் மேல் ஐந்து பவுண்டு ஏற்றுவதால் கிளப்புக்குக் கிடைப்பது ஒரு நட்சத்திர வீரரின் சில மாதச் சம்பளமாகத்தான் இருக்கும். இந்த வாதத்தைக் கீழ்ப் பிரிவுக் கிளப்பிடம் அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே வாசலில் வசூலாகும் பணம்தான் உண்மையில் ஊதியம் கொடுக்கிறது.

‘அருமையான மைதானங்களைக் கட்டினால் விலை ஏறத்தானே செய்யும்’ என்பாருக்கும் பதில் உண்டு. 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் சிக்கி இறந்த துயரத்துக்குப் பிறகு, 1990 ஜனவரியில் வந்த டெய்லர் நீதிபதி அறிக்கை எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று பரிந்துரைத்தபோது, அதனால் ஏழை ரசிகர் வெளியே தள்ளப்படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் இருக்கை 6 பவுண்டு, நிற்குமிடம் 4 பவுண்டு என்பதை எடுத்துக்காட்டாகக் கொடுத்தது. பாதுகாப்பையும் எட்டக்கூடிய விலையையும் ஒரே அறிக்கை ஒன்றாகக் கேட்டது. அதில் பாதியை மட்டும் நிறைவேற்றியவர்களிடம் மீதியைக் கேட்க ரசிகருக்கு உரிமை இருக்கிறது.

கிளப் பதில் எழுதியதும் அதை அறக்கட்டளையின் எல்லா உறுப்பினர்களுக்கும் படிக்கக் கொடுங்கள். எண்கள் தர மறுத்தால் மறுத்ததையே குறிப்பில் பதிவு செய்து, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதே கேள்வியை மீண்டும் சேர்க்கச் சொல்லுங்கள். புதுப்பித்தல் அறிவிப்பு வெளியாவதற்குள் ஒரு முறையாவது டிக்கெட் அலுவலகத் தலைவரை நேரில் உட்காரவைத்து, மேலே சொன்ன ஆதாய எல்லைக் கணக்கை உங்கள் கிளப்பின் விலைகளோடு ஒரு பக்கத் தாளில் அவர் முன் வையுங்கள்.